எட்டு நாளில் பதினேழு ஹோட்டல்: என் உஸ்பெகிஸ்தான் ஃபேம் ட்ரிப்

எட்டு நாளில் பதினேழு ஹோட்டல் பார்த்தேன். தங்கியது நான்கில்தான். மீதிப் பதின்மூன்றிலும் பெண் பார்க்கப் போன மாதிரி வரவேற்பறையில் வரிசையாக உட்கார்ந்து, கொடுத்த ஜூஸைக் குடித்து, மேனேஜர் பின்னாலேயே மூன்று மாடி ஏறி, கட்டிலை அழுத்திப் பார்த்து, குளியலறைக் குழாயைத் திறந்து மூடி, "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினோம். பெண் பார்க்கப் போனால் பஜ்ஜியாவது கிடைக்கும்.

ஃபேம் ட்ரிப் என்றால் என்னவென்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு: ஒரு நாட்டில் தங்கல், பஸ், கைடு எல்லாம் ஏற்பாடு செய்து தரும் உள்ளூர் நிறுவனங்கள் உண்டு, டி.எம்.சி. என்போம். அவர்கள் வெளிநாட்டு டிராவல் ஏஜென்ட்களைக் குழுவாக அழைத்துப்போய் ஊரைக் காட்டுவார்கள். நாங்கள் திரும்பிவந்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அந்த ஊரை விற்போம் என்பது அவர்கள் நம்பிக்கை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஓசி டூர். முழுக்க ஓசி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விமர்சனம் எழுதுகிறவள் யார் காசில் போனாள் என்று படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா. விமான டிக்கெட்டும் விசாவும் என் செலவு, அது போக ஒரு பங்கேற்புக் கட்டணமும் கட்டினேன். தங்கல், சாப்பாடு, உள்நாட்டுப் பயணம், நுழைவுச் சீட்டு அவர்கள் செலவு. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ரேட் பேரம் இன்னும் முடியவில்லை.

போனது செப்டம்பர் கடைசி. அந்த நாட்டுக்கு அது நல்ல காலம், ஏப்ரல்-மே விட்டால் செப்டம்பர்-அக்டோபர்தான். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை உள்ள நாற்பது நாளை அங்கே சில்லா என்கிறார்கள், வெயில் 40 டிகிரியைத் தாண்டும். "ஜூலையில் ரேட் பாதியாகத் தருகிறோம்" என்று மூன்று ஹோட்டல்காரர்கள் ஆசை காட்டினார்கள். ஏன் பாதி என்று எங்கள் கைடிடம் கேட்டேன். "மத்தியானம் சமர்கண்டின் ரெஜிஸ்தான் சதுக்கத்துக் கல் தரையில் செருப்பு இல்லாமல் நின்று பாருங்கள், புரியும்" என்றார்.

குழுவில் பதினான்கு பேர். ஆளுக்கு ஒரு காரணம். இரண்டு பேர் நிஜமாகவே நோட்டுப் புத்தகம் வைத்துக் குறித்தார்கள், நாலு பேர் ரீல்ஸ் எடுத்தார்கள், ஒருவர் பஸ் கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் தூங்கி ஹோட்டல் வாசலில்தான் விழிப்பார். எனக்குத் துணையாக வாய்த்தவர் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் பெரியவர் ஒருவர். முதல் நாளே, "ஏம்மா, அவங்க காட்டுறதைப் பார்க்காதே, காட்டாததைப் பாரு" என்றார். அப்போது அதை ஏதோ பழைய ஆட்களின் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தாஷ்கண்டில் இறங்கியது விடியற்காலை. இதை எழுதக் காரணம், அந்த நேரத்தில் வந்து இறங்கும் வாடிக்கையாளருக்கு அறை கிடைப்பது மதியம் இரண்டு மணிக்குத்தான். எங்களுக்கு அறை தயாராக இருந்தது, சாவியோடு வெந்நீரும் துண்டும்கூட. வாடிக்கையாளர் இட்டினரரியில், அதாவது நாள்வாரிப் பயணத் திட்டத்தில், அதற்கு ஒரு இரவுக்கான கட்டணம் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. அவர்கள் எங்களுக்கு முன்பே அனுப்பியிருந்த மாதிரி விலைப்பட்டியலில் அந்த ஒரு இரவு இல்லை. கேட்டால், "அது உங்கள் விருப்பம், சேர்த்துக்கொள்ளலாம்" என்று சிரித்தார்கள். இரவெல்லாம் விமானத்தில் வந்த அறுபது வயதுக்காரரை எட்டு மணி நேரம் சோபாவில் உட்கார வைத்துவிட்டு, சேர்த்துக்கொள்வது விருப்பம் என்று நான் அவரிடம் சொல்ல முடியாது.

தாஷ்கண்ட் பற்றி அதிகம் எழுத மாட்டேன். 1966 நிலநடுக்கத்தில் பழைய ஊரின் பெரும்பகுதி போய்விட்டது, பிறகு சோவியத் காலத்தில் அகலமான சாலைகளோடு திரும்பக் கட்டியது. பார்க்க வேண்டியது மெட்ரோ. 1977இல் திறந்தது, மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ, ஒவ்வொரு நிலையமும் ஒரு மாளிகை. 2018 வரை உள்ளே போட்டோ எடுக்கத் தடை இருந்தது, இப்போது இல்லை. கோஸ்மோனாவ்ட்லார் நிலையத்தில் நீலச் சுவரில் விண்வெளி வீரர்களின் முகங்கள் வட்ட வட்டமாக இருக்கும், அங்கே மட்டும் எங்கள் குழு மூன்று ரயில்களைத் தவறவிட்டது. நிகழ்ச்சி நிரலில் மெட்ரோவுக்கு ஒதுக்கிய நேரம் முப்பது நிமிடம். அன்றைக்கே ஹோட்டல் பார்க்க ஒதுக்கிய நேரம் நான்கு மணி நேரம். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை இதுதான்.

சரி, ஹோட்டல் பார்ப்பதைக் கேலி செய்துவிட்டேன், ஆனால் அதுதான் எங்கள் வேலையில் பாதி என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதைச் செய்ய ஒரு முறை உண்டு. நாள் முடிவில் எல்லா அறையும் ஒரே அறையாகத்தான் ஞாபகம் இருக்கும், அதனால் உள்ளே நுழையும் முன் ஹோட்டல் பெயர்ப் பலகையை ஒரு போட்டோ, அறைக் கதவின் எண்ணை ஒரு போட்டோ, அப்புறம்தான் அறை. மேனேஜர் திறந்து காட்டும் அறை எப்போதும் அவர்களுடைய நல்ல அறைதான், அதனால் நான் "பஸ் நிற்கும் பக்கம் பார்த்த ட்வின் அறை ஒன்றைக் காட்டுங்கள்" என்பேன். ட்வின் என்றால் நிஜமாகவே இரண்டு கட்டிலா, இல்லை ஒரே கட்டிலில் இரண்டு மெத்தையா என்று விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வெந்நீர் வர எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும், குளியலறைத் தரை வடிகாலில் வாடை வருகிறதா என்று குனிய வேண்டும், ஆமாம், குனியத்தான் வேண்டும். லிஃப்ட் எத்தனை, அதில் பெட்டியோடு எத்தனை பேர் ஏறலாம், நாற்பது பேர் குழு ஒரே நேரத்தில் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கினால் உட்கார இடம் இருக்கிறதா. பதினேழில் இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காகத் தேறியது ஆறு. ஆறு கிடைத்ததே லாபம் என்று பெரியவர் சொன்னார்.

மறுநாள் விடிகாலை விமானத்தில் உர்கெஞ்ச், அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம் பஸ்ஸில் கீவா. இந்த வரிசையை அமைத்தவருக்கு முழு மதிப்பெண். எல்லோரும் தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா, கீவா என்று போய் கடைசி ஊரில் களைத்துப்போய் நிற்பார்கள். இவர்கள் தலைகீழாகத் திருப்பி, தொலைவில் இருக்கும் கீவாவை முதலில் விமானத்தில் முடித்துவிட்டு, பெரிய ஊரான சமர்கண்டைக் கடைசியில் வைத்திருந்தார்கள்.

கீவாவின் உள்கோட்டைக்கு இச்சான் கலா என்று பெயர். பத்து மீட்டர் உயர மண்செங்கல் மதில், உள்ளே ஒரு முழு ஊர். அந்த நாட்டில் முதன்முதலில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் இதுதான், 1990இல். மேற்கு வாசலில் நுழைந்ததும் கல்தா மினார் நிற்கும், குண்டாக, பச்சையும் நீலமுமாக, பாதியில் விட்ட தூண். கட்டச் சொன்ன கான் 1855இல் போரில் இறந்துபோனதால் வேலை நின்றது. முடித்திருந்தால் உலகத்திலேயே உயரமானதாக ஆகியிருக்கும் என்று கைடு சொன்னார், எனக்கு இந்தக் குட்டையே போதும், இத்தனை அழகான அரைகுறை வேலையை நான் பார்த்ததில்லை. ஜும்மா மசூதிக்குள் இருநூறுக்கும் மேல் மரத்தூண்கள், ஒன்று மாதிரி ஒன்று இல்லை, சில ஆயிரம் வருடப் பழசு. கூரையில் இருக்கும் திறப்பு வழியாக மட்டும் வெளிச்சம் இறங்குகிறது. ரீல்ஸ் எடுத்த நாலு பேரும் அங்கே போனைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

கோட்டைக்குள் வண்டி வராது. பெட்டியைக் கல் பாவிய தெருவில் உருட்டித்தான் போக வேண்டும். எங்கள் பெட்டிகளை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் வேண்டுமென்றே என் பெட்டியை மட்டும் நானே உருட்டிப் பார்த்தேன். வாசலிலிருந்து ஹோட்டலுக்குப் பதினோரு நிமிடம், ஒரு சக்கரம் போச்சு. கோட்டைக்கு உள்ளே தங்க வைத்தால் சுமை தூக்க ஆள் கட்டணத்தை விலையில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மதிலுக்கு வெளியே தங்க வைக்க வேண்டும். நான் உள்ளே என்றுதான் விற்பேன். பகல் குழுக்கள் போனபிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தத் தெருக்களில் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும், அதற்காகவே ஒரு சக்கரம் போகலாம்.

அடுத்தது இந்தப் பயணத்திலேயே எனக்கு உபயோகமான நாள், அவர்கள் எங்களிடம் மன்னிப்புக் கேட்ட நாளும் அதுதான். கீவாவிலிருந்து புகாராவுக்கு சாலை வழி, ஏறத்தாழ 450 கிலோமீட்டர், கிசில்கும் பாலைவனத்தின் ஊடே. காலையிலிருந்தே நிறுவனத்தின் ஆள், "இன்றைக்குக் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் படம் போட்டார், தின்பண்டம் கொடுத்தார், திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கச் சொன்னார். தூங்கக் கூடாது என்று நானும் பெரியவரும் முன்சீட்டில் போய் உட்கார்ந்தோம்.

ஆமு தரியா தாண்டும்போது பஸ்ஸை நிறுத்தச் சொன்னோம். பழுப்பு நிறத்தில் அகலமாக, சோம்பேறித்தனமாக ஓடுகிறது. 1960களிலிருந்து பருத்திக்கு இதன் தண்ணீரைத் திருப்பித் திருப்பித்தான் ஏரல் கடல் வற்றியது. ஆற்றோரம் கொஞ்ச தூரம் போனபிறகு ஒரு மேடு, அங்கே நின்றால் எதிர்க்கரை துர்க்மெனிஸ்தான். அப்புறம் மணல், புதர், மணல். சாலை சில இடங்களில் நல்ல கான்கிரீட், சில இடங்களில் இடுப்பைக் கழற்றும். கிளம்பியதிலிருந்து போய்ச் சேரும் வரை ஏழே முக்கால் மணி நேரம், அவர்கள் விலைப்பட்டியலில் எழுதியிருந்தது "ஆறு மணி நேரச் சுகமான பயணம்".

கழிப்பறை பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும், சுற்றுலா விளம்பரத் தாள்கள் எதிலும் இது இருக்காது. வழியில் நிறுத்தக்கூடிய டீக்கடைகள் இரண்டோ மூன்றோதான், அங்கே இருப்பது குந்தி உட்காரும் குழிக் கழிப்பறை, தண்ணீர் வெளியே ஒரு வாளியில். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள் என் வாடிக்கையாளர்களில் குறைந்தது எட்டுப் பேர். அவர்களை இந்தச் சாலையில் ஏற்றுவது பாவம். ஏற்றாமல் கீவாவைக் காட்டுவது எப்படி என்பதற்கு வழி ரயில்தான், அதற்கு எந்த நேரம், எந்தப் பெட்டி, கழிப்பறை எப்படி என்று பார்க்க வேண்டும், அதைக் காட்ட அவர்கள் நினைக்கவே இல்லை. இருந்தாலும் விமானத்தில் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடாமல் இந்தச் சாலையில் கூட்டிப்போனதற்கு நன்றி என்று அந்த ஆளிடம் சொன்னேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டார்.

புகாரா. இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. மூன்று ஊர்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது, ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்ததே மாலை, மறுநாள் காலை முழுக்க ஐந்து ஹோட்டல், மதியம் ஒரு கருத்தரங்கு அறையில் பி2பி கூட்டம், அதாவது ஹோட்டல்காரர்களும் ஏஜென்ட்களும் நேருக்கு நேர் வியாபாரம் பேசுவது. மேசைக்கு மேசை பதினைந்து நிமிடம், மணி அடித்தால் அடுத்த மேசை, விசிட்டிங் கார்டு, பென் டிரைவ், ஒரு பை. 1127இல் கட்டிய கல்யான் மினார் அந்தக் கட்டடத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் ஏதோ ஹோட்டல் சங்கிலியின் பவர்பாயின்ட்டில் அதே மினாரின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது மேசைக்குப் பிறகு நானும் பெரியவரும் கைடை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். கைடு பயந்தார், பிறகு சந்தோஷப்பட்டார். அந்த இரண்டு மணி நேரத்தில் பார்த்ததுதான் எனக்குப் புகாரா. ஒரு காலத்தில் இங்கே ஆண்ட சாமானிது வம்சத்தாரின் கல்லறை மாடம், ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழசு, சின்னது, வெறும் சுட்ட செங்கல், வண்ண ஓடு ஒன்றுகூட இல்லை. ஆனால் செங்கல்லை அடுக்கிய விதத்திலேயே கூடை முடைந்த மாதிரி ஒரு நெசவு, வெயில் நகர நகர சுவரே மாறிக்கொண்டிருக்கும். நீலக் குவிமாடங்களையே பார்த்து அலுத்த கண்ணுக்கு அது போதும். பிறகு லியாபி ஹௌஸ் குளக்கரை, பழைய முசுக்கொட்டை மரங்கள், மரக்கட்டில் மாதிரி மேடைகளில் காலை நீட்டி உட்கார்ந்து பச்சைத் தேநீர். பழைய சந்தைக் குவிமாடங்களுக்கு அடியில் கத்தரிக்கோல் அடிப்பவர் ஒருவரிடம் நாரை வடிவக் கத்தரி வாங்கினேன். விமானத்தில் கைப்பெட்டியில் வைக்கக் கூடாது என்று அவரே நினைவுபடுத்தினார், இதை என் வாடிக்கையாளர் கையேட்டில் எழுதிவிட்டேன்.

புகாராவில் ஹோட்டல்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வணிகர் வீடுகளைத்தான் நல்ல தங்கும் இடங்களாக மாற்றியிருக்கிறார்கள், நடுவில் முற்றம், செதுக்கிய மரத்தூண்கள், சுவரில் மாடப்பிறை, அழகு என்றால் அழகு. லிஃப்ட் கிடையாது, மாடிப்படி செங்குத்து. தரைத்தளத்தில் எத்தனை அறை என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று, நான்கு. அதனால் இருபது பேருக்கு மேல் உள்ள குழுவை ஒரே வீட்டில் போட முடியாது, இரண்டு வீடாகப் பிரித்தால் கைடுக்குக் காலைப் பொழுது ஆள் சேர்ப்பதிலேயே போகும். எட்டுப் பேர், பத்துப் பேர் குடும்பமாகப் போனால் இதைவிட நல்ல இடம் இல்லை.

அப்புறம் ரயில் கதை. உஸ்பெகிஸ்தானை விற்பவர்கள் எல்லோரும் முதலில் காட்டுவது அஃப்ரோசியோப் அதிவேக ரயிலைத்தான். ஸ்பெயினின் டால்கோ நிறுவனத் தயாரிப்பு, 2011இல் தாஷ்கண்ட்-சமர்கண்ட் இடையே ஓடத் தொடங்கி 2016இல் புகாரா வரை நீண்டது. எங்கள் நிகழ்ச்சி நிரலிலும் புகாரா-சமர்கண்ட் அதில்தான் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். முந்தின நாள் ராத்திரி, டிக்கெட் கிடைக்கவில்லை, ஷார்க் ரயிலில் போகிறோம் என்றார்கள். ஷார்க் ஒன்றும் மோசமில்லை, சுத்தமான பெட்டி, ஒன்றரை மணி நேரத்தில் போவது மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும், அவ்வளவுதான். ஆனால் என் மண்டையில் மணி அடித்தது வேறு விஷயத்துக்கு. ஏஜென்ட்களை மயக்குவதற்காகவே நடத்தும் பயணத்துக்குப் பதினாலு சீட் வாங்க முடியாதவர்கள், சீசனில் என் முப்பது பேருக்கு எப்படி வாங்குவார்கள்? கேட்டேன். "உங்களுக்குக் கண்டிப்பாக வாங்கிவிடுவோம்." எப்படி என்று கேட்டேன். "எங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்." அந்த ஆட்கள் இந்த வாரம் எங்கே போனார்கள் என்று பெரியவர் முணுமுணுத்தது எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன். இன்னொன்று, புகாராவின் ரயில் நிலையம் புகாராவில் இல்லை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி காகானில் இருக்கிறது. இட்டினரரியில் அந்தப் பயண நேரமும் இல்லை.

சமர்கண்டில் நடந்த எதையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை, நேரமும் தாராளமாக இருந்தது. ரெஜிஸ்தானில் நடுவில் நின்றால் மூன்று பக்கமும் மதரசா: இடது பக்கம் உலுக் பேக் 1420 வாக்கில் முடித்தது, எதிரே வலப்பக்கம் புலியும் சூரிய முகமும் வரைந்த ஷேர்தோர், நடுவில் தில்லா கோரி. பார்த்தால் ஒரே கையில் கட்டிய மாதிரி இருக்கும், முதலாவதற்கும் மற்ற இரண்டுக்கும் இடையே இருநூறு வருடம். காலையில் போனோம், மாலையில் விளக்கு போட்டபிறகும் போனோம். மாலை போவதற்கு எங்களுக்குத் தனி ஏற்பாடு இல்லை, ஹோட்டலிலிருந்து நாங்களே டாக்ஸி பிடித்துப் போனோம், யாண்டெக்ஸ் செயலி நன்றாக வேலை செய்கிறது, தெரு ஓரத்தில் பேரம் பேச வேண்டாம்.

உலுக் பேக் அரசனாக இருந்ததைவிட வானம் பார்த்ததுதான் அதிகம். 1,018 விண்மீன்களின் பட்டியல் தயாரித்தவர். கடைசியில் 1449இல் சொந்த மகனின் ஏற்பாட்டிலேயே தலை போனது. அவருடைய வானாய்வகம் இடிந்து மண்ணுக்குள் போய் 1908இல்தான் அகழ்ந்து எடுத்தார்கள், மீதி இருப்பது பூமிக்குள் இறங்கும் ஒரு பிரம்மாண்ட வளைவுப் பள்ளம். குழுவில் பாதிப் பேர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள், நான் என் வாடிக்கையாளர்களில் பள்ளி ஆசிரியர்களை நினைத்துக்கொண்டே அங்கே முக்கால் மணி நேரம் இருந்தேன்.

ஷாஹி ஜிந்தா என்ற பழைய கல்லறை வளாகத்தில் ஒரு படிக்கட்டு உண்டு. ஏறும்போது எண்ணிய எண்ணிக்கையும் இறங்கும்போது எண்ணியதும் ஒன்றாக இருந்தால் பாவமில்லாத மனிதர் என்று சொல்வார்களாம். எனக்கு மூன்று வித்தியாசம் வந்தது. பெரியவருக்கு ஏழு. "முப்பது வருஷம் கமிஷன் வாங்கியிருக்கேன்ம்மா, ஏழோட போச்சே" என்றார். தொழில் பார்வையில் குறித்தது: படிகள் உயரம், கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் மேலே இருக்கும் அந்த நீல ஓட்டுச் சந்துக்காக மெதுவாக ஏற்றிவிடலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அசைவக்காரர்களுக்குக் கவலை இல்லை. பிலாஃப், அங்கே ஓஷ் என்பார்கள், மதியம்தான் சாப்பிட வேண்டும், நல்ல கடைகளில் சாயங்காலம் அண்டா காலி. சமர்கண்ட் ரொட்டி கனமாக, நடுவில் முத்திரை குத்தி, பளபளவென்று இருக்கும், அந்த ஊரில் இருந்தவரை எனக்கு அதுதான் காலைச் சாப்பாடு. செப்டம்பரில் முலாம்பழம், அதைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன். சைவக்காரர்களுக்குத்தான் சிக்கல், "காய்கறி சூப்" என்று வருவதன் அடியில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் இருக்கும், கேட்டால் இறைச்சித் துண்டைத்தான் எடுத்துவிட்டோமே என்பார்கள். பூசணி வைத்த சம்சா, மந்தி என்று அவர்கள் சொல்லும், ஆவியில் வேகவைத்த பூசணிக் கொழுக்கட்டை, தக்காளி வெங்காய சாலட், கீவாவில் சோயிக்கீரை சேர்த்துப் பிசைந்த பச்சை நூடுல்ஸை இறைச்சிக் குழம்பு இல்லாமல் தயிரோடு, இப்படி முன்கூட்டியே சொல்லி வைத்தால் சமாளிக்கலாம். எங்கள் குழுவில் மூன்று சைவர்கள், பதிவுப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தவர்கள், முதல் மூன்று நாள் ரொட்டியும் சாலடும்தான் சாப்பிட்டார்கள். நாலாம் நாள் கைடே சமையலறைக்குள் போய் நின்றபிறகு சரியானது.

அந்தக் கைடு பெண்ணுக்கு மட்டும் தனியாக ஐந்துக்கு ஐந்து. தெரியாததைத் தெரியாது என்றார், கதையைக் கதை என்றும் வரலாற்றை வரலாறு என்றும் பிரித்துச் சொன்னார், கடைக்குக் கூட்டிப்போகும்போது தனக்கு அங்கே கமிஷன் உண்டா இல்லையா என்பதையும் சொன்னார். இருபது வருடத்தில் அப்படிச் சொன்ன இரண்டாவது கைடு. என் குழுக்களுக்கு அவர்தான் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

நடைமுறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இ-விசா தேவைப்படுகிறவர்களுக்கு ஒருமுறை நுழைவுக்கு 20 டாலர். ஒவ்வொரு ஹோட்டலும் தங்கியதற்கு ஒரு பதிவுச் சீட்டு கொடுத்தால் வாங்கி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும், தூக்கிப் போடக் கூடாது. ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம். ஒரு டாலருக்கு 12,000 சோம் அக்கம்பக்கம், நூறு டாலர் மாற்றினால் லட்சாதிபதி இல்லை, பத்து லட்சாதிபதி, பூஜ்யங்களில் தடுமாறி நான் ஒரு டாக்ஸிக்காரருக்குப் பத்து மடங்கு கொடுத்துவிட்டேன். அவர் ஓடிவந்து திருப்பிக் கொடுத்தார்.

இந்தப் பயணத்துக்கு நான் தரும் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. நாடு நாலே முக்கால். வரிசை, கைடு, பஸ், சமர்கண்டில் கொடுத்த நேரம், இதெல்லாம் நன்றாக இருந்தது. மதிப்பெண் குறைந்தது புகாராவைப் பவர்பாயின்ட்டில் காட்டியதற்காகவும், சைவர்களை மூன்று நாள் பட்டினி போட்டதற்காகவும், முக்கியமாக விலைப்பட்டியலில் இருக்கும் பயணமும் நாங்கள் செய்த பயணமும் வேறு வேறாக இருந்ததற்காகவும். விடிகாலை அறை, பெட்டி தூக்கும் ஆள், காகான் பஸ், கீவா சாலையின் நிஜ நேரம், இவை நான்கையும் சேர்த்தால் அவர்கள் சொன்ன விலை இன்னும் கூடும். கூடட்டும், முதலிலேயே சொன்னால் வாடிக்கையாளர் கொடுப்பார். அங்கே போனபிறகு சொன்னால்தான் என் போன் ராத்திரி இரண்டு மணிக்கு அடிக்கும்.

நான் விற்கப்போவது: தாஷ்கண்ட் ஒரு இரவு விடிகாலை அறையோடு, கீவா ஒன்று, புகாரா முழுசாக இரண்டு, சமர்கண்ட் இரண்டு, திரும்ப தாஷ்கண்ட் ஒன்று. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீவாவை நீக்கிவிட்டு சமர்கண்டில் ஒரு இரவு கூடுதல்.

வந்த மறுநாளே அவர்களுக்கு ஒரு மெயில் போட்டேன், மூன்று கேள்வி: ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டால் வித்தியாசப் பணத்தை யார் தருவது, கீவா-புகாரா ரயிலின் நேரமும் பெட்டி வகையும் என்ன, அந்தக் கைடு ஏப்ரலில் இருப்பாரா. பத்து நாள் ஆகிறது. கைடு இருப்பார் என்று மட்டும் பதில் வந்திருக்கிறது, கூடவே எங்கள் குழு கல்தா மினார் முன்னால் நிற்கும் போட்டோவும். அதில் நான் என் சக்கரம் போன பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.